ஒரு கற்பனைக் கார் கம்பெனிக்கு முதல் மாடல்கள் அமைவது எப்படி?

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. கணக்குப் பாடத்துக்கு வாங்கியது, இப்போது அதில் ஒரு கார் கம்பெனி ஓடுகிறது. 1962ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கம்பெனியாம். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். பக்கத்துக்கு ஒன்றாக 14 வண்டிகள்: சின்னக் கார், பெரிய கார், ஜீப், வேன், மந்திரிகளுக்கென்று நீளமாக ஒன்று, கதவு மேல்பக்கமாகத் திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார், கடைசியில் ஒரு பஸ். எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே ஆண்டு, 1962.

“எப்படி இருக்கு மாமா?”

படங்கள் நன்றாகத்தான் இருந்தன. கம்பெனிதான் நம்பும்படி இல்லை. ஏன் என்று சொல்லப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. கதைக்காகவோ, கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகவோ, சும்மா வரைந்து பார்க்கவோ கார் கம்பெனி ‘தொடங்குகிறவர்கள்’ அவனைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். காரைப் பற்றி எதுவும் தெரியாமலே படிக்கலாம்.

முதலில் மூன்று சொற்கள். ஒரு கம்பெனி ஒரே காலத்தில் விற்கும் கார்களின் தொகுப்புதான் மாடல் வரிசை. ஒரே மாடலில் ஏசி உள்ளது, ஏசி இல்லாதது, டாப் எண்டு என்று வருபவை வேரியன்ட். ஷோரூமில் ‘பேஸ் மாடல்’ என்று வாய் தவறிச் சொன்னாலும் அது வேரியன்ட்தான். அதே காருக்கு நாலைந்து வருடம் கழித்து கிரில்லையும் விளக்கையும் மாற்றி ‘புதுசு’ என்று விற்றால் அது ஃபேஸ்லிஃப்ட். நம் ஊர் அம்பாசிடர் இதற்கு நல்ல உதாரணம். 1957ல் வந்தது, 2014ல் நின்றது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் ஏறிக்கொண்டே போனது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் எது எந்த மார்க் என்று சொல்வதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிடும்.

நோட்டில் இருந்த 14 கார்களில் இடித்த விஷயம் எண்ணிக்கை இல்லை. 14 இஞ்சின், 14 சேசிஸ் (காரைத் தாங்கும் அடிச்சட்டம்), 14 விதமான கதவு. பையன் ஒவ்வொரு காரையும் வெள்ளைத்தாளில் புதிதாக ஆரம்பித்திருந்தான். நிஜக் கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு கார்க் கதவை எடுத்துக்கொள்வோம். தகட்டை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்துப் பெரிய பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பார்கள். அந்த அச்சுக்கு டை என்று பெயர். ஒரே அழுத்தில் கதவு வந்துவிடாது. வளைப்பதற்கு ஒன்று, ஓரம் வெட்ட ஒன்று, ஓட்டை போட ஒன்று, விளிம்பு மடிக்க ஒன்று. கதவு, பானட், கூரை, மட்கார்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முதல் கார் ஒன்றுகூட விற்பதற்கு முன்பே இந்த டைகளுக்கான பணம் போய்விடும். அப்புறம் இஞ்சின். பிளாக்கை வார்க்கும் அச்சிலிருந்து கடைசல் இயந்திரங்கள் வரை அது தனித் தொழிற்சாலை. புதுக் கம்பெனிக்கு ஒரு இஞ்சின் சொந்தமாக இருந்தாலே பெரிய விஷயம்.

அதனால் தொடக்க கால வரிசை என்பது, முதலாளிக்கு என்னென்ன கார் பிடிக்கும் என்ற பட்டியல் இல்லை. கையில் இருக்கும் ஒரு இஞ்சினையும் ஒரு அடிச்சட்டத்தையும் வைத்து எத்தனை விதமாகச் சமாளிக்கலாம் என்ற கணக்கு அது. வீட்டில் ஒரு குண்டான் மாவு இருக்கிறது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்தால் ஊத்தப்பம், மிச்சம் இருந்தால் பணியாரம். இதில் மாவுக்குக் கார்த் தொழிலில் பிளாட்ஃபார்ம் என்று பெயர்.

இந்த மாவு விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டிரையம்ப் ஹெரால்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் என்று ஒரு கம்பெனி. 1950களில் அவர்களுக்கு ஒரு சிக்கல். காரின் உடலைச் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்றைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்துதரப் பெரிய ஆள் இல்லை. அந்தக் காலத்தில் மற்றவர்கள் எல்லாம் சேசிஸையும் உடலையும் ஒன்றாக வெல்டு செய்யும் மோனோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் பின்னோக்கிப் போனார்கள். கீழே தனி சேசிஸ், மேலே உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி போல்ட் போட்டு முறுக்குவது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959ல் கார் வந்தது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

சங்கடத்தில் பிறந்த இந்த ஏற்பாடு பின்னால் பெரிய வசதியாகிவிட்டது. கூரை தனித் துண்டு, போல்ட்டில் நிற்கிறது. அதைக் கழற்றி வேறு கூரையை மாட்டினால் வேறு கார்! இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒன்று. மேலே மட்டும் சலூன் என்ற மூடிய குடும்பக் கார், கூப்பே என்ற குட்டைக் கூரைக் கார், திறந்த கார், பின்னால் சாமான் ஏற்றும் எஸ்டேட், கண்ணாடிக்குப் பதில் தகடு அடித்த வேன். அப்புறம் அதே உடலில் ஆறு சிலிண்டர் இஞ்சினை வைத்து 1962ல் விட்டெஸ் என்று ஒரு கார். அதே ஆண்டு சேசிஸைச் சுருக்கி, வீல்பேஸை, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை, 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாக்கி, ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் ஸ்போர்ட்ஸ் கார். மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே குண்டான் மாவில் இத்தனை. எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான குடும்பம் குறைவு.

இஞ்சின் விஷயத்திலும் அப்படியே. 1953ல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சின்னக் காரில் 803 சிசியாக (சிசி என்பது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு) வந்த நாலு சிலிண்டர் இஞ்சின், 948 சிசியாக வளர்ந்து முதல் ஹெரால்டுக்குள் போனது. அப்புறம் 1147, அப்புறம் 1296. உள்விட்டத்தைக் கூட்டிக் கூட்டி அதையே நீட்டினார்கள். ஸ்பிட்ஃபயருக்குள் இருந்ததும் இதே 1147 சிசி இஞ்சின்தான், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் இரண்டோடு.

இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை மெட்ராசுக்கும் வந்தது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இந்தக் காரைச் செய்தார்கள். இரண்டு கதவோடு வந்த காருக்கு இங்கே நாலு கதவு வைத்தார்கள். பின் சீட்டில் பெரியவர்களை ஏற்றி இறக்க இரண்டு கதவுக் காரில் முடியுமா? இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவுதான். 1970களில் அதே கார் கசெல் என்ற பெயரில் வந்தது.

“அப்போ நானும் ஒரே சேசிஸ்ல 14 கார் பண்ணலாமே?” என்றான் பையன். கெட்டிக்காரன்தான். ஆனால் அங்கேயும் ஒரு தடை இருக்கிறது: அவன் தேர்ந்தெடுத்த ஊரும் ஆண்டும்.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் பாகங்களை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்த வேலையை 1950களில் மூடிவிட்டுப் போன பிறகு, 1962ல் நாட்டில் கார் செய்தவர்கள் மூன்றே பேர். வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராசில் ஸ்டாண்டர்டு. ஆளுக்கு ஒரு கார் என்று சொன்னால் பெரிய தப்பில்லை: அம்பாசிடர், ஃபியட் 1100, ஹெரால்டு. எதைச் செய்வது, எத்தனை செய்வது என்பதற்கெல்லாம் டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். காசு கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் அதிகம். வாங்குகிறவர் வரிசையில் நிற்கும்போது விற்கிறவர் ஏன் புது மாடலுக்கு மெனக்கெட வேண்டும்? கற்பனைக் கம்பெனிக்கு ஊரையும் ஆண்டையும் எழுதிவிட்டால், அந்த ஊரின் அந்தக் காலத்துச் சட்டமும் சாலையும் வரியும் மழையும் கூடவே வந்துவிடும். ஸ்வீடனில் வோல்வோ 1927ல் விட்ட முதல் கார் கூரையில்லாத திறந்த கார். ஸ்வீடன் குளிரில்! அதே ஆண்டிலேயே மூடிய கார் ஒன்றையும் கொண்டுவர வேண்டியிருந்தது.

சரி, எல்லாக் கம்பெனியும் ஹெரால்டு போலக் கணக்காகவே தொடங்கியதா என்றால் இல்லை. குழப்பமாகத் தொடங்கி, அந்தக் குழப்பம் வரிசையிலேயே அச்சாகிப் போன கம்பெனிதான் ஃபோர்டு. 1903ல் டெட்ராய்ட்டில் தொடங்கியபோது முதல் காருக்கு மாடல் ஏ என்று பெயர். இரண்டு சிலிண்டர், 8 குதிரைத்திறன், விலை 750 டாலர், பின் சீட்டும் வேண்டுமென்றால் 850. அடுத்து சி, எஃப் என்று அதே வகையில் சில. இடையில் 1904ல் திடீரென்று 2,000 டாலருக்கு மாடல் பி. 1906ல் ஆறு சிலிண்டரோடு மாடல் கே, தொடக்க விலை 2,500 டாலர். அதே 1906ல், இந்தப் பக்கம் 600 டாலருக்குள் மாடல் ‘என்’ (N) என்று நாலு சிலிண்டர் சின்னக் கார்.

ஒரே கம்பெனி ஏன் இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டது? உள்ளே இரண்டு பேர் இழுத்தார்கள். பணம் போட்டவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் மால்கம்சன், டெட்ராய்ட்டின் நிலக்கரி வியாபாரி. பணக்காரர்களுக்கான பெரிய காரில்தான் லாபம் என்பது அவர் கட்சி. ஹென்றி ஃபோர்டுக்கு மலிவான காரில்தான் குறி. 1906ல் மால்கம்சன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார். அதன் பிறகு வந்தவற்றைப் பாருங்கள்: ஆர், எஸ், இரண்டுமே மாடல் ‘என்’ காரின் தங்கைகள். 1908 அக்டோபரில் மாடல் டி. கே போன்ற பெரிய காரை அதற்குப் பின் வெகுகாலம் ஃபோர்டு என்ற பெயரில் செய்யவே இல்லை. கம்பெனிக்குள் யார் ஜெயித்தார்கள் என்பதை விலைப்பட்டியலை மட்டும் வைத்தே சொல்லிவிடலாம்.

நடுவில் விடுபட்ட எழுத்துகளில் பல, சோதனையோடு நின்றுபோன வண்டிகள். கற்பனை வரிசைக்கு இது அருமையான தந்திரம் என்று நினைக்கிறேன். 1, 2, 3, 4 என்று வரிசையாகப் பெயர் வைப்பதைவிட 1, 2, 5, 6 என்று வைத்துவிட்டால், 3க்கும் 4க்கும் என்ன ஆயிற்று என்று படிக்கிறவரே கேட்பார். கம்பெனிக்கு ஒரு கடந்த காலம் தானாக வந்துவிடும்.

மாடல் டி வந்த பிறகு ஃபோர்டு வரிசை ஒரே காராகச் சுருங்கியது. ஆனால் உடல்கள் பல. திறந்த கார், இருவர் கார், மூடிய கார், 1917ல் சேசிஸை நீட்டி ஒரு டன் லாரி. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்தார்கள். அதை நிறுத்தியபின் வந்த புதுக் காருக்கு மறுபடியும் மாடல் ஏ என்றே பெயர் வைத்தார்கள். எழுத்து தீர்ந்துபோனதால் இல்லை. எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது என்று காட்ட.

பெயர் என்றதும் போர்ஷே ஞாபகம் வருகிறது. இன்று 911 என்று உலகமே சொல்லும் காருக்கு 1963ல் வைத்த எண் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் எங்களுடையவை என்று பிரான்ஸின் பியூஜோ ஆட்சேபித்தது. பூஜ்யத்தை எடுத்து ஒன்றைப் போட்டார்கள். பெயருக்குப் பெரிய தத்துவம் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பெயரைப் பற்றி இவ்வளவு போதும்.

புதுக் கம்பெனி கார் செய்ய வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் முதல் கார்களில் தெரிந்துவிடும். ஹோண்டா மோட்டார் சைக்கிள் கம்பெனி. ஜப்பான் அரசு புதியவர்கள் கார்த் தொழிலுக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவரப் பார்க்கிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாக உள்ளே குதித்தார்கள். 1963 ஆகஸ்டில் வந்த முதல் நாலு சக்கர வண்டி, டி360 என்ற குட்டி லாரி. காய்கறி ஏற்றுகிற அளவு வண்டி. அதற்குள் 354 சிசியில் நாலு சிலிண்டர், வால்வுகளைத் திறந்து மூட இரட்டை கேம்ஷாஃப்ட், நாலு கார்புரேட்டர்! மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களிடம் லாரி இஞ்சின் கேட்டால் இப்படித்தான் கிடைக்கும். அக்டோபரில் எஸ்500 என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதில் பின் சக்கரங்களுக்குச் சுழற்சி போனது செயின் வழியாக, பைக்கில் போலவே. ஒரு லாரி, ஒரு ஸ்போர்ட்ஸ் கார், நடுவில் குடும்பம் போக ஒன்றுமில்லை. எந்தக் கதாசிரியரும் இப்படி ஒரு வரிசையை எழுதத் துணியமாட்டார், ஆனால் காரணம் தெரிந்ததும் எவ்வளவு இயல்பாக இருக்கிறது.

பையனுக்கு இதெல்லாம் வெளியூர்க் கதை. மாருதி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. மறு வருடமே வேன், பிற்பாடு ஆம்னி என்று பெயர் மாறியது அதுதான். 1985ல் ஜிப்சி. மூன்றே வருடத்தில் மூன்று மாதிரி வண்டி, பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பழைய ஆம்னி ஒன்று இருக்கிறது. அன்று மாலை அதன் டிரைவரிடம் கேட்டு முன் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். சீட்டுக்கு அடியில் இஞ்சின். மேலே கரி படிந்த ரப்பர் பாய், கீழே எண்ணெய்ப் பிசுக்கு, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் வளையம் சூடு ஆறாமல் கையைச் சுட்டது. “சித்திரை மாசத்துல மத்தியானம் இது மேல உக்காந்து ஓட்டிப் பாருங்க சார்” என்றார் அவர். அந்த இஞ்சின் 800ல் முன்பக்கம் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுகிறது. இங்கே சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுத்துப் பின் சக்கரத்தை ஓட்டுகிறது. இஞ்சின் அதே 796 சிசிதான்.

ஜிப்சிக்கு மட்டும் 970 சிசி. அதுவும் சும்மா இருக்கவில்லை. 1990ல் மாருதி 1000 என்று டிக்கி வைத்த பெரிய கார் வந்தபோது அதற்கும் 970 சிசிதான். பார்வைக்கு அன்றைக்கு ராஜா மாதிரி இருந்த கார்; ஏசி போட்டுக்கொண்டு மேடு ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். நாலு வருடம் கழித்து 1.3 லிட்டர் இஞ்சினோடு எஸ்டீம் வந்து அந்தக் குறை தீர்ந்தது. வரிசையில் இப்படி ஒரு கார் இருந்தால்தான் எனக்குக் கம்பெனி மேல் நம்பிக்கை வரும். உடலுக்கும் இஞ்சினுக்கும் பொருத்தம் இல்லாத ஒன்று, அடுத்து வரும் காருக்கு இடம் போட்டு வைத்த ஒன்று.

பொருத்தமின்மை கம்பெனியையே கவிழ்ப்பதும் உண்டு. வண்டலூர்க்காரர்கள் 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை விட்டார்கள். உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அங்கே அது 1976ல் 3.5 லிட்டர் வி8 இஞ்சினோடு வந்த கார். இங்கே அதற்குள் போனது 1940களின் வேன்கார்ட் என்ற ஸ்டாண்டர்டு காரின் இஞ்சின் வம்சத்தில் வந்த 1991 சிசி. விலையோ அதிகம். மாருதி வந்து ஜனங்களுக்குப் புது ருசி காட்டியிருந்த நேரம். சில வருடங்களில் தொழிற்சாலையே மூடிவிட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன் அழிப்பான் எடுக்கவில்லை, சிவப்புப் பேனா எடுத்தான். முதலில் பஸ் போனது. அப்புறம் மந்திரி கார். மிச்சத்தில் எதை வைப்பது என்று கேட்டதற்கு நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: “உன் கம்பெனிக்கு 1962க்கு முன்னால என்ன வேலை?” நகத்தைக் கடித்தபடி யோசித்தான். கோயம்புத்தூர் என்றால் மோட்டார் பம்புதானே, விவசாயத்துக்கு டீசல் பம்பு இஞ்சின் செய்தார்கள் என்றான். அது வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தன. பம்பு செய்கிறவன் முதலில் செய்வது கார் இல்லை, தோட்டத்து மூட்டையை ஏற்றும் சின்ன லாரி, 1962. அதே சேசிஸில் கூரை அடித்து ஒரு வேன், 1964. லைசென்ஸுக்காக ஐந்து வருட இடைவெளி; அந்தப் பக்கத்தில் டெல்லிக்கு எழுதிய கடிதம் ஒன்றை வரைந்து ஒட்டியிருக்கிறான். 1969ல் முதல் கார், லாரியின் அதே முன்கதவோடு. நாலாவது, அந்தக் காருக்குப் பின்னால் டிக்கி நீட்டியது, 1973. அதில் ‘மேடு ஏறாது’ என்று அவனே எழுதியிருக்கிறான்.

மேல்பக்கமாகக் கதவு திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரை மட்டும் அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அடிக்க வேண்டாம் என்றேன். ஸ்பிட்ஃபயரின் மாதிரி வண்டிகூடக் காசில்லாமல் கவென்ட்ரியில் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்ததாகவும், 1961ல் கம்பெனியை லாரி கம்பெனியான லேலண்ட் வாங்கிய பிறகு வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்துப் பிடித்துப்போய்ச் செய்யச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அதைச் சொன்னேன்.

போன வாரம் நோட்டைப் பார்த்தேன். ஸ்போர்ட்ஸ் காரின் மேல் பென்சிலால் துணி போர்த்தியிருந்தது, நாலு சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. கீழே எழுதியிருந்தான்: ‘1971. ஷெட்டில் இருக்கிறது. காசு வந்ததும்.’